எஞ்சின் இல்லாத புடைப்பு: ரெட்ரோ ஸ்கூட்டரும் கொல்லிமலை இறக்கமும்

செத்த பொருளுக்குத்தான் ரெட்ரோ வரும். உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு வராது. பழைய ஸ்கூட்டரின் உருவத்தில் இன்று விற்கப்படும் புதிய வண்டிகளின் கவர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. 2012-ல் இத்தாலிய பியாஜியோ நிறுவனம் மகாராஷ்டிரத்து பாராமதியில் ஆலை போட்டு வெஸ்பாவை மறுபடி இங்கே இறக்கியபோது விலை ரூ. 66,000-க்கு மேல். அன்றைக்கு சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த மற்ற ஸ்கூட்டர்களைவிடப் பல ஆயிரம் கூடுதல். 2015-ல் யமஹா 'பாசினோ' வந்தது. 2020 ஜனவரியில் பஜாஜ், தானே கைவிட்ட 'சேத்தக்' என்ற பெயரை மின்சார வண்டியொன்றுக்குச் சூட்டி மீட்டெடுத்தது. இடையில் 2016-ல், 1946-ஆம் ஆண்டின் நினைவாகப் பெயரிடப்பட்ட 'வெஸ்பா 946', எம்போரியோ அர்மானி முத்திரையோடு 12 லட்சம் ரூபாய்க்கு வந்து இறங்கியது. பன்னிரண்டு லட்சம், ஒரு ஸ்கூட்டருக்கு! கார் வாங்குகிற காசில் பழசின் சாயலை வாங்குகிறார்கள் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான்.

நம் நண்பர்கள் பலரும் அப்படித்தான் சிரித்துவிட்டுப் போகிறார்கள். 'நுகர்வுப் பண்பாடு' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. எனக்கு அது போதவில்லை. எல்லாமே நுகர்வுப் பண்பாடு என்றால் ஏன் இந்த உருவம், ஏன் இந்தக் காலத்தில், யாருடைய கண்ணுக்கு என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஏங்குகிறவனை முட்டாள் என்று சொல்லித் தப்பிப்பது விமர்சனம் இல்லை. அது சோம்பல்.

முதலில் உருவத்தைப் பார்ப்போம். வெஸ்பா பிறந்தது போரில் குண்டு விழுந்து நொறுங்கிய ஒரு விமானத் தொழிற்சாலையில், பொந்தெதெராவில். வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. அழுக்கும் எண்ணெயும் உடுப்பில் படக்கூடாது என்பதற்காக எஞ்சினுக்கு மூடி. சேறு தெறிக்காமலிருக்க முன்னால் கேடயம் மாதிரி ஒரு தகடு. பாவாடை கட்டியவரும் அங்கி அணிந்த பாதிரியாரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறுவதற்காக நடுவில் திறந்த தரை. முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் கை, விமானச் சக்கரத்தின் யோசனையிலிருந்து வந்தது. ஆக அன்றைய ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்தது. போருக்குப் பிந்திய வறுமையின் காரணம், தேவையின் காரணம்.

இப்போது மின்சார சேத்தக்கைப் பாருங்கள். மின்கலம் கால் வைக்கும் தரைக்கடியில் இருக்கிறது. மோட்டார் பின்சக்கரத்தை ஒட்டி அடங்கிவிடுகிறது. பழைய வண்டியில் வலப்பக்கப் புடைப்புக்குள் எஞ்சின் இருந்தது, இடப்பக்கம் சாமான் பெட்டி. இதில் எஞ்சினே கிடையாது. ஆனால் புடைப்பு இருக்கிறது, இரண்டு பக்கமும். எஞ்சின் இல்லாத வண்டிக்கு எஞ்சின் மூடி! முகப்பு விளக்கும் அப்படியே. இன்றைய எல்.இ.டி. விளக்கை எந்த வடிவத்திலும் செய்யலாம். ஆனாலும் வட்டத்தை விடவில்லை. முன்பு வடிவத்துக்கு உள்ளே ஒரு பயன் இருந்தது. இப்போது வடிவமே பயன். பூத்ரியார் 1968-ல் 'பொருட்களின் அமைவு' நூலில் பழம்பொருட்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது: அவை வேலை செய்வதில்லை, காலத்தைக் குறிக்கின்றன. அவர் பேசியது உண்மையான பழம்பொருளை. ரெட்ரோ ஸ்கூட்டர் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையும் செய்துகொண்டே காலத்தையும் குறிக்கிறது. எந்தக் காலத்தை என்பதுதான் கேள்வி.

விளம்பரக்காரர்கள் 'அப்பாவோட ஸ்கூட்டர்' என்பார்கள். சரி, அந்த அப்பா யார்? பியாஜியோ உரிமத்தோடு அறுபதுகளில் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கிய பஜாஜ், அந்த உரிமம் 1971-ல் முடிந்ததும் 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரில் சேத்தக்கைக் கொண்டுவந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கம் நிர்ணயித்த காலம் அது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பத்து வருஷம்கூட ஆனதுண்டு. அந்நியச் செலாவணி கட்டியவருக்கு முன்னுரிமை. கைமாற்றினால் கடை விலையைவிட அதிகம் கிடைத்த வண்டி. ஸ்கூட்டர் வைத்திருந்தவர் என்றால் மாதச் சம்பளம் வாங்கியவர், வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருக்க முடிந்தவர் அல்லது வரிசையைத் தாண்டத் தெரிந்தவர். இல்லையென்றால் மாமனார் வீட்டில் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். எழுபது, எண்பதுகளின் வரதட்சிணைப் பட்டியலில் ஸ்கூட்டருக்கு ஒரு நிரந்தர இடம் இருந்ததை நம் வீட்டுப் பெரிய மனுஷர்கள் இன்று சொல்ல மாட்டார்கள்.

அந்த ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்த குடும்பத்தையும் கவனிக்க வேண்டும். முன்னால் தரையில் நின்றபடி பையன். ஓட்டுவது அப்பா. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த அம்மா, மடியில் கைக்குழந்தை. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று அரசு சுவரில் எழுதிய வாசகத்துக்கு இந்த வண்டி அளவெடுத்துத் தைத்த சட்டை. குடும்பம், மாதச் சம்பளம், ஆண் தலைமை, ஒரே திசையில் நேராகப் போகும் வாழ்க்கை: ஒரு முழுக் கருத்தியலை இரண்டு சிறு சக்கரங்கள் சுமந்தன. 1989-ன் 'ஹமாரா பஜாஜ்' விளம்பரம் அதற்குத் தேசத்தையும் சேர்த்துக் கட்டியது. 'நம்முடைய' என்ற அந்தச் சொல்லுக்குள் யாரெல்லாம் இல்லை? அதே காலத்தில் இதே தமிழ்நாட்டில் ஊர்த்தெரு வழியே சைக்கிளை மிதித்துப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று தலித்துகள் மிரட்டப்பட்ட கிராமங்கள் இருந்தன. அவர்களுடைய கடந்தகாலத்துக்கு என்ன உருவம் கொடுத்து, எந்த நிறத்தில் விற்பார்கள்?

ரெட்ரோ செய்கிற வேலை இதுதான். காத்திருப்பை, சிபாரிசை, வரதட்சிணையை, அம்மாவின் ஒருக்களித்த உட்காரலை எல்லாம் கழுவிவிட்டு வளைவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எஸ்.பொ. தன் நூலுக்கு 'நனவிடை தோய்தல்' என்று பெயர் வைத்தார். அழகான சொல், அதற்குத் தோய நனவு என்று ஒன்று வேண்டும். அர்ஜுன் அப்பாதுரை 1996-ல், நினைவே இல்லாத ஏக்கம் ஒன்றைச் சந்தை உற்பத்தி செய்கிறது என்று எழுதினார்: தான் இழக்காததை இழந்ததாக நுகர்வோனை உணர வைப்பது. பிரெடரிக் ஜேம்சன் இதற்கு முன்பே சொன்னதும் ஏறத்தாழ இதுதான். வரலாறு போய்விடுகிறது, வரலாற்றின் தோற்றம் பாணியாகத் தங்கிவிடுகிறது. 2012-ல் வெஸ்பா வாங்கிய இருபத்தைந்து வயதுக்காரர் சேத்தக்கைச் சாய்த்து உதைத்திருக்க மாட்டார். பெட்ரோலில் ஆயில் கலந்திருக்க மாட்டார். பாதி வழியில் நின்றுபோய்க் குனிந்து ரிசர்வுக்குத் திருப்பியிருக்க மாட்டார்.

இதில் ஒரு கூத்து உண்டு. கான்பூர் எல்.எம்.எல். தொழிற்சாலை பழைய கியர் வெஸ்பாவின் உருவத்தை விடாமல் செய்துகொண்டிருந்தது. இங்கே அதை யாரும் சீந்தாத காலத்தில், 2003 முதல் சிகாகோவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அதே வண்டியை 'ஸ்டெல்லா' என்ற பெயரில் அமெரிக்காவில் ரெட்ரோவாக விற்றது. கான்பூர்த் தொழிலாளிக்கு அது தினசரிச் சரக்கு, சிகாகோக்காரருக்கு ஏக்கம். பஜாஜ் 2009-ல் ஸ்கூட்டரே செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. எல்.எம்.எல். பின்னர் மூடிக் கலைக்கப்பட்டது. இத்தாலியின் இன்னொசெந்தி ஆலையிலிருந்து லாம்ப்ரெட்டா எந்திரங்களை வாங்கி 1972-ல் அமைக்கப்பட்ட லக்னோ பொதுத்துறை நிறுவனம் 1997-லேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டது. இவையெல்லாம் செத்த பிறகுதான் ரெட்ரோ இங்கே முழுசாக வர முடிந்தது.

இனி மலைக்கு வருவோம். ஏன் கொல்லிமலை என்று கேட்கலாம். இந்தக் கவர்ச்சியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. நாமக்கல் பக்கம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதியில் சேலம், ஈரோடு, பெங்களூரு என்று எல்லாத் திசையிலிருந்தும் இரண்டு சக்கரக்காரர்கள் வருகிறார்கள். வளைவுதான் சரக்கு, ஆகாய கங்கை அருவியும் அறப்பளீசுவரர் கோயிலும் அதற்குப் பிறகு. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள்தான். பழைய உருவத்தைப் புது ஆலையில் வார்த்தெடுக்கும் சென்னை என்பீல்டுகள் அதில் நிறைய. நடுவே வட்ட விளக்கும் நிக்கல் பூச்சும் பிஸ்தா பச்சையுமாக ரெட்ரோ ஸ்கூட்டர்களும். வளைவுக்கு வளைவு நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பின்னால் பள்ளத்தாக்கு, முன்னால் ஸ்கூட்டர். வண்டியும் மலையும் ஒன்றையொன்று பழமையாக்கிக்கொள்கின்றன.

ஏற்றம் பெரிய பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் தோற்றமும் உள்ளடக்கமும் பிரிவது தெரியும். பழைய ஸ்கூட்டரில் இடது கைப்பிடியைத் திருகி கியர் போட வேண்டும். மலையில் இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கலாம். இன்றைய பெட்ரோல் ஸ்கூட்டரில் கியர் இல்லை. பெல்ட்டும், வேகத்துக்கேற்பத் தானே ஒட்டித் தானே விலகும் கிளட்ச்சும்தான். ஆக்ஸிலேட்டரை விட்டு மெதுவாக இறங்கினால், குறைந்த வேகத்தில் கிளட்ச் விலகிவிடும். வண்டி சும்மா உருளும். கியர் வண்டியின் எஞ்சின் பிடிப்பை இதில் எதிர்பார்க்க முடியாது. முழுப் பாரமும் பிரேக்கில். எழுபது வளைவு முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் காயும், காய்ந்தால் பிடிப்பு குறையும். பழைய வண்டியின் முகத்தைப் பார்த்து அதன் குணத்தையும் எதிர்பார்த்தவர் ஏமாறுகிற இடம் இது. ரெட்ரோ கடந்தகாலத்தின் முகத்தைத் தருகிறது, அதன் கியரைத் தருவதில்லை. இதை உருவகமாகச் சொல்லவில்லை, எந்திர விஷயமாகவே சொல்கிறேன்.

அதே சாலையில் இன்னொரு வண்டி போய்க்கொண்டிருக்கும், யாரும் படம் எடுக்காதது. டிவிஎஸ் 50-ன் வாரிசான எக்ஸெல். இருவர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட்டாக 1980-ல் ஒசூரிலிருந்து வந்தது; 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறியது. அதன் அடிப்படை உருவம் நாற்பது வருஷத்துக்கு மேல் பெரிதாக மாறவில்லை. முன்னால் காலுக்கிடையே ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, பக்கத்தில் தொங்கும் பால் கேன். தமிழ்நாட்டில் மீன்காரர், கீரைக்காரர், கட்டடக் கொத்தனார், எல்லாருடைய வண்டியும் அதுதான். கணக்குப்படி பார்த்தால் ரெட்ரோ என்ற பட்டத்துக்கு முழுத் தகுதியும் அதற்குத்தான் உண்டு: பழைய உருவம், புதிய எஞ்சின். ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் உருகுவதில்லை. ஏன்? அது இன்னும் சாகவில்லை. அதை ஓட்டுகிறவர்களுக்கு அதை விட்டுவிடும் வசதி வரவில்லை. அதன் ஒரு வகைக்கு நிறுவனமே 'ஹெவி டியூட்டி' என்று பெயர் வைத்திருக்கிறது. 'ஹெரிடேஜ்' என்று வைக்கவில்லை பாருங்கள். பாரம் தூக்குகிற பெயர் ஒருவருக்கு, பாரம்பரியப் பெயர் இன்னொருவருக்கு.

மலைக்கும் இதே சட்டம்தான். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் ராகியும் விளைவித்து உண்டவர்கள். சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டபோது மலை மரவள்ளிக்கு மாறியது. அது காசு கொடுத்தது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை தொண்ணூறுகளிலிருந்து சிறுதானியத்தை மீட்க அங்கே வேலை செய்தன. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்குள் நகரத்துக் கடையில் சாமை என்னவாகியிருந்தது? அழகான பொட்டலம், 'பாட்டி காலத்து உணவு'. மலையிலிருந்தவர் விட்ட பிறகுதான் அது நகரத்தின் பாரம்பரியமானது. விதைத்து, களையெடுத்து, உரலில் குத்திய பெண்களின் கை அந்தப் பொட்டலத்தில் தெரியாது, ஸ்கூட்டரின் வளைவில் காத்திருப்புப் பட்டியல் தெரியாத மாதிரி. இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கினார்கள். 2008-ல்தான் அது நின்றது. அலுமினியம் இல்லாமல் எந்த ஸ்கூட்டர் எஞ்சினும் கிடையாது. மலையை வெட்டியதற்கு மட்டும் யாரும் ஏங்கும்படி உருவம் கொடுக்க மாட்டார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் கூட்டத்தில் கைதட்டுவார்கள். ஆனால் கதை இன்னொரு பக்கமும் திரும்புகிறது. அந்தப் பக்கத்தை நம் விமர்சகர்கள், பெரும்பாலும் ஆண்கள், கவனிப்பதில்லை.

டிக் ஹெப்டிஜ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1981-ல் இத்தாலிய ஸ்கூட்டரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். மோட்டார் சைக்கிள் ஆண், ஸ்கூட்டர் பெண் என்ற பாகுபாடு வடிவமைப்பிலும் விளம்பரத்திலும் எப்படிக் கட்டப்பட்டது, பிறகு அறுபதுகளின் 'மாட்' இளைஞர்கள் அதே வண்டியை எப்படி வேறொன்றாக்கினார்கள் என்று காட்டினார். ஒரு பொருளின் அர்த்தம் தொழிற்சாலையில் முடிந்துவிடுவதில்லை. வாங்குகிறவர், ஓட்டுகிறவர் கையிலும் அது மாறுகிறது என்பது அவர் கட்டுரையில் நமக்குப் பயன்படுகிற விஷயம். அதை இங்கே பொருத்திப் பார்த்தால், நம் நாட்டில் ஸ்கூட்டர் ஆணின் வண்டியாகவே வந்தது. எடையும் கியரும் உதைப்பும் சேர்ந்து பெண்ணைப் பின்னிருக்கையில் உட்கார வைத்தன. கியரையும் கிக்கரையும் எடுத்துவிட்ட அதே மாற்றம்தான், இறக்கத்தில் நான் குறை சொன்ன அதே பெல்ட்தான், கைப்பிடியைப் பெண்ணிடம் கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றதை மறந்திருக்க மாட்டோம். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிளில் போனபோது ஊரில் என்னென்ன பேச்சு கிளம்பியது! 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் ரூ. 25,000, மானியமாகத் தமிழக அரசு அறிவித்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் சாலையைப் பார்த்தவருக்குத் தெரியும், அதற்கு முன்பே பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்படியானால் ரெட்ரோ ஸ்கூட்டரில் கொல்லிமலை ஏறும் ஒரு பெண், அப்பாவின் காலத்துக்கு ஏங்குகிறாள் என்று எப்படிச் சொல்வது? அம்மா ஒருக்களித்து உட்கார்ந்த உருவத்தின் மேல் இவள் நேராக உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். அப்பாவின் வண்டி என்று அவள் சொல்லும்போது அது ஏக்கமா, அப்பாவின் இருக்கையைக் கைப்பற்றிய பெருமையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். விளம்பரம் முதலாவதை விற்கிறது, அவள் இரண்டாவதையும் சேர்த்து எடுத்துப் போகிறாள். வண்டிக்காரருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, அதுவும் தெரிந்ததே. இருந்தாலும் இதைப் 'போலி உணர்வு' என்று முத்திரை குத்த எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், ஏக்கம் பற்றிய நம் கோட்பாடுகளில் இடமில்லாதவர். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ பிறந்து, நாமக்கல்லில் கல்லூரி படித்து, தவணையில் இந்த வட்ட விளக்கு வண்டியை வாங்க நினைக்கும் மலையாளி இளைஞன். அவன் தாத்தா கிழங்கையும் வாழைத்தாரையும் தலைச்சுமையாக நடந்து சுமந்த தலைமுறை. சமவெளி அப்பாக்கள் சேத்தக்குக்குப் பதிவு செய்து காத்திருந்த வரிசையில் அந்தத் தாத்தாவுக்கு இடமே கிடையாது. இவனுக்கு இந்த வளைவு எதையும் நினைவூட்டுவதில்லை. ரெட்ரோ என்ற சொல் இவனிடம் செல்லாது. வண்டி புதிது, அவ்வளவுதான். அப்பாதுரை சொன்னது நினைவில்லாத ஏக்கம். இவனிடம் இருப்பது ஏக்கமே இல்லாத ஆசை. கடைக்காரர் கடந்தகாலத்தை விற்கிறார், இவன் எதிர்காலத்தை வாங்குகிறான். ஒரே பில், ஒரே வண்டி. அவனுக்கு இந்த ஆசை கூடாது, நீ சாமை விதைத்துக்கொண்டு உன் மரபோடு இரு என்று சொல்கிற குரல் சில சமயம் நம் பக்கத்திலிருந்தும் எழுகிறது. மலைக்காரனைப் பழம்பொருளாக வைத்துப் பார்க்க விரும்பும் அந்தக் குரலுக்கும் வெஸ்பா விற்கும் குரலுக்கும் எவ்வளவு தூரம்?

இந்த மலைக்கு உருவக் கவர்ச்சி புதிதில்லை. கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் தன் அழகு கெடாமல் நிற்கும் பாவை. சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது வழிவழியாக வந்த கதை. எழுபதுகளில் அந்தப் பெயரில் ஒரு சிற்றிதழே வந்தது நம்மவர்களுக்குத் தெரியும். பாவையைப் பாடியவர்கள் வெளியிலிருந்து பார்த்தவர்கள். பாவையின் காலடியில் கிழங்கு தோண்டியவர்கள் அவளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பாட்டு இல்லை.

ஞாயிறு மாலை காரவள்ளிக்கு இறங்கி வந்ததும் ஸ்கூட்டர்காரர்கள் ஓரங்கட்டி நிற்பார்கள். பிரேக் ஆற வேண்டும். சிலர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையை வைத்துப் பார்த்துச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். மூட்டை ஏற்றிய எக்ஸெல்கள் நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போகும். இருட்டுவதற்குள் சரக்கை இறக்கிவிட்டு மேலே திரும்ப வேண்டியவர்கள் அவர்கள்.